ஒரு பத்திரிகை கனம்

ஆகஸ்ட் 16, சனி

இன்று மூன்று முறை கார் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. முதல் முறை பேருந்து நிலையத்துச் சிக்னலில், இரண்டாவது முறை மேம்பாலத்தின் ஏற்றத்தில், மூன்றாவது முறை எங்கள் தெருமுனையில் குப்பை வண்டிக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. மீட்டர் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது.

மாலையில் பொங்கியண்ணன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கைப்பேசி போன்ற ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "கிராங்க் சென்சாருங்க டீச்சர்" என்றார். எஞ்சினோடு சுற்றும் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்து பற்களை எண்ணிக்கொண்டே இருக்குமாம். எண்ணிக்கை தவறினால் எஞ்சினுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்றுவிடுமாம்.

"புதுசு மாட்டி செட்டிங் பண்ணோணும். ரெண்டு நாள் உடுங்க."

சொன்ன தொகையில் பாதி சென்சாருக்கு, மீதிப் பாதி செட்டிங்குக்கு. செட்டிங் என்றால் சரியாக என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சென்சாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல எடவெளி வெக்கறதுங்க."

"எவ்வளவு இடைவெளி?"

"அது கைப்பழக்கமுங்க டீச்சர்."

பதினெட்டு வருடமாக இவர்தான் என் காரைப் பார்க்கிறார். பதினெட்டு வருடமாக, நான் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி வருகிறேன். "சரிங்க டீச்சர்" என்பார்.

எண்ணால் சொல்ல முடியாத ஒரு வேலைக்கு எண்ணால் கூலி கேட்பதை என்னால் ஏற்க முடியாது. நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் எரிச்சல்.

தங்கை சுலோசனாவின் மகள் மௌனிகாவுக்கு 29-ஆம் தேதி கோபியில் கல்யாணம். முந்தின நாள் மாலை பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு இந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது என்னிடம் வாங்கிய சத்தியம். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சித்தப்பா மகள் வளர்மதி போன் செய்தாள்.

"பத்திரிகையப் பாத்தியா?"

"இன்னும் பிரிக்கவில்லை."

"உம்பேர எங்க போட்டிருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

சுலோசனாவும் அவள் கணவர் சென்னியப்பனும் போன செவ்வாய்க்கிழமை வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பெரிய உறை. வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயர் போடுவது வேட்பாளர் பட்டியல் தயாரிப்பது போன்ற காரியம். யாருக்கு முன்னால் யார், யாருக்குக் கீழே யார் என்று பங்காளிகள் நாள் கணக்கில் உட்கார்ந்து பேசுவார்கள். சாப்பாடு மோசமாக இருந்தால் மறந்துவிடுவார்கள். பெயர் இடம் மாறினால் பேரன் காலத்திலும் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

இன்று குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றுக்கும் புதிய பெயர்ச்சீட்டு ஒட்டினேன். காரின் சர்வீஸ் புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்து நாற்பது பக்கம் படித்தேன். இடைவெளி 0.8 மில்லிமீட்டர். எண் இருக்கத்தான் செய்கிறது. மதியம் கொஞ்சம் தூங்கினேன். பொழுது போய்விட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கார் பழுது என்று சுலோசனாவிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தது என் தவறு.

"அட, அதுக்கென்னக்கா. மாப்ள ஊட்டுல பெரிய வண்டி அனுப்பறோம்னு சொல்லிட்டேதான் இருக்காங்க. ஏசியெல்லாம் நெம்ப நல்லாருக்குமாமா. நீ எதுக்குச் செரமப்பட்டுட்டு. பஸ்ஸுல வந்துரு."

நியாயமான யோசனை என்றேன். உண்மையிலேயே நியாயமான யோசனைதான். ஈரோட்டிலிருந்து கோபிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து.

கல்லூரி முடிந்து வரும் வழியில் உதிரிபாகக் கடைக்குப் போய் சென்சாருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கோவையிலிருந்து வர வேண்டுமாம். இரண்டு நாளில் வேண்டும் என்று கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன். இதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வது மனித இயல்பு.

ஆகஸ்ட் 20, புதன்

சென்சார் வந்துவிட்டது. கட்டைவிரல் அளவுதான். கறுப்பு. நுனியில் வட்டமாக ஒரு பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. விலைச்சீட்டு, கம்பெனிச் சீட்டு எதையும் பொருளில் விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எவர்சில்வர் தட்டானாலும் ஆப்பிளானாலும் உரித்துவிடுவேன். இதையும் உரித்து, பசை போகத் துணியால் துடைத்து வைத்தேன். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

துறைக் கூட்டம். மூன்று மணி நேரம். முறுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்சார் இருப்பது எஞ்சினின் அடிப்பக்கம், அந்தப் பல்சக்கரத்தை ஒட்டி. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, பாதுகாப்புக்கு ஸ்டெப்னி டயரை உள்ளே தள்ளிவிட்டு, பாய் விரித்துக் கீழே படுத்தேன். பழையதைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று. சென்சாரைப் பிடித்திருக்கும் தகட்டில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தினால் சென்சாரை முன்னும் பின்னும் நகர்த்தலாம். செட்டிங் என்பது இவ்வளவுதான். நினைத்தபடியே ஏமாற்று வேலை.

புதியதை மாட்டினேன். கண்ணால் பார்த்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டேன். அந்த நேரத்தில் வெளியே காந்திமதியின் குரல் கேட்டது. எதிர் வீடு.

"ஐயோ, மங்கையக்கா காலு தெரியுதுங்க! ஆளக் காணம்!"

நான் நன்றாக இருக்கிறேன் என்று காருக்கு அடியிலிருந்து சொன்னேன். எஞ்சினுக்குக் கீழிருந்து வரும் குரலில் நிம்மதி தரும் தன்மை இருப்பதில்லை என்று தெரிகிறது. அவள் கோபிக்கே போன் போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் சுலோசனா அழைத்தாள்.

"அக்கா, வண்டிக்கு அடியில சிக்கிட்டயாமா?"

"சிக்கவில்லை. படுத்திருந்தேன்."

"எதுக்குக்கா வண்டிக்கு அடியில போயிப் படுக்கற? எதுனாலும் எங்ககிட்டச் சொல்லேன். மனசுல வெச்சுக்காத."

சென்சார் மாற்றுகிறேன் என்று விளக்கினேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

சாவியைத் திருப்பினேன். முன்பு சூடானால் நின்ற கார், இப்போது ஆறியிருக்கும்போதே கிளம்பவில்லை. எட்டு முறை முயன்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

பொங்கியண்ணன் வந்தார். காந்திமதி சொல்லியிருப்பாள். வண்டியைத் தொடவில்லை, போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சென்சார் மூக்குல ஒரு பேப்பர் ஒட்டியிருக்குமுங்களே டீச்சர். அது எங்க?"

உரித்துவிட்டேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "அதுதானுங்க எடவெளி. அந்தப் பேப்பரு சக்கரத்துல முட்டற மாதிரி வெச்சு முடுக்கோணும். வண்டி ஓட ஓடப் பேப்பரு தேஞ்சு போயிரும். பேப்பரு கனம் எவ்வளவோ அவ்வளவு எடவெளி தானா நின்னுக்கும்."

நான் செட்டிங்கை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். குப்பை வண்டி வியாழக்கிழமையே போய்விட்டது.

வேறு சென்சார் வரவழைக்க நாலு நாள் ஆகுமாம், நடுவில் சதுர்த்தி விடுமுறை. இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"அது இரும்புத் தகடுங்க. சென்சாரு காந்தம். புடிச்சு இழுத்துக்கும். அளவு நிக்காது."

இது சரி. இயற்பியல் படித்தவளுக்கு ஒர்க் ஷாப்காரர் காந்தம் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அப்ப நீங்க எப்படி வைப்பீங்க?"

"கண்ணாலப் பத்திரிகைங்க. ஒரு பத்திரிகை கனம். நடுவுல சொருகி, முடுக்கிட்டு, உருவிருவேன்."

"எந்தப் பத்திரிகை?"

"நல்ல பத்திரிகையாப் பாத்துங்க."

"நல்ல பத்திரிகை என்பது எத்தனை மில்லிமீட்டர்?"

அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். "சொல்லுங்க, அரை மணி நேரத்துல நானே வெச்சுட்டுப் போறேன். காசுகூட வேண்டாமுங்க."

வேண்டாம் என்றேன்.

"அப்ப நான் கைய வெக்க மாட்டேன். பாத்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்தவர் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தார்.

நடுவில் நான் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்த் தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜ் எடுத்து வந்தேன். பதிவேட்டில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'கல்யாணப் பத்திரிகையின் தடிமன் காணல்' என்று எழுதினேன். ஆய்வக உதவியாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் இருபத்திரண்டு பத்திரிகைகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தேன். முன்னாள் மாணவி ஒருத்தியுடையது 0.31. வங்கி மேலாளர் மகளுடையது 1.9, அதில் பிளாஸ்டிக் பிள்ளையார் ஒட்டியிருக்கிறார். 0.55 ஒன்று நல்ல வழவழப்பான அட்டை. அந்தத் தம்பதி போன வருடம் பிரிந்துவிட்டார்கள். 0.8-க்கு மிக அருகில் வந்தது 0.62. பேராசிரியர் ஒருவரின் இரண்டாம் கல்யாணம்.

0.41-ஐயும் 0.39-ஐயும் சேர்த்து வைத்தால் சரியாக 0.80. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று மகிழ்ந்து, இரண்டு துண்டு வெட்டி அடியில் படுத்துச் செருகினேன். எண்ணெய்ப் பசையில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கிப் பல்சக்கரத்துக்குப் பின்னால் விழுந்தது. புருவம் திருத்தும் இடுக்கியால் எடுக்க ஒரு மணி நேரம்.

"ஒத்தை அட்டையா வேணுமுங்க" என்றார் நாற்காலியிலிருந்து பொங்கியண்ணன். இன்று ஞாயிறு. இவருக்கு வீடு இல்லையா?

"டீச்சர், உங்க தங்கச்சி ஊட்டுக் கண்ணாலமுன்னு காந்திமதி சொன்னாங்களே. அந்தப் பத்திரிகை எங்குங்க?"

அது இதில் சேராது என்றேன்.

"ஏனுங்க?"

"இன்னும் பிரிக்கவில்லை."

அவர் இருபத்திரண்டு பத்திரிகைகளையும் தரையில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒர்க் ஷாப்காரர்கள் பொதுவாகக் கேள்வி கேட்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சுலோசனா: புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டு வண்டிக்குப் பூ அலங்காரம் சொல்லிவிடுவார்கள்.

மௌனிகாவே பேசினாள்.

"பெரியம்மா, வண்டி ரெடியா?"

"முயற்சி செய்கிறேன்."

"நீங்க ரெடி பண்ணிருவீங்க. பத்திரிகை பாத்தீங்களா?"

"வேலை இருந்தது."

"பாருங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வாரம் இரண்டு வகுப்புக்கு இன்னும் தயாரிக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு இழுப்பறையைத் திறந்தேன். அளப்பதற்காக.

உறைக்குள் ஒற்றை அட்டை. அதன் நாலு மூலையிலும்கூட மஞ்சள் இருந்தது. சென்னியப்பன் எதையும் குறைவாகச் செய்பவர் இல்லை. நடுப்பகுதி 0.74. வழக்கம்போல நாற்காலியில் இருந்த பொங்கியண்ணனிடம் சொன்னேன்.

"போதுமுங்க டீச்சர்."

"போதும் என்பது அளவு அல்ல."

மூலைகளை அளந்தேன். காய்ந்த மஞ்சள் கனத்தைக் கூட்டியிருந்தது. மேலே இடது 0.84, வலது 0.87. கீழே இடது 0.76. கீழே வலது 0.80. மூன்று முறை அளந்தேன். 0.80.

எழுத்துகளின் பக்கம் பார்க்காமல்தான் அளந்தேன். ஆனால் பொங்கியண்ணன் அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, வானொலிச் செய்தி போல முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். காந்திமதி கேட் அருகே வந்து நின்றாள். குலதெய்வம் வந்தது. மாப்பிள்ளையின் படிப்பு வந்தது ("எம்.இ.-ங்க"). பங்காளிகள் பன்னிரண்டு ஜோடி, தாய்மாமன் முறை உள்ளவர்கள் நாலு ஜோடி. எல்லாம் ஜோடி. ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார்.

"மழலை மொழியில் உங்களை வரவேற்கும் சுட்டிகள். தஷ்வந்த், ஹரிணிஸ்ரீ, குட்டிப் பாப்பா, இன்னும் பேரு வெக்கலையாமுங்க, அப்பறம் முனைவர் ம. மங்கையர்க்கரசி."

நிறுத்தினார்.

"டீச்சர், இது..."

"நான்தான்."

காந்திமதி, "அக்கா, உங்களுக்கு என்ன வயசாச்சுங்க?" என்று கேட்டாள். அடுத்த மாசி வந்தால் ஐம்பது என்றேன்.

"முனைவருன்னு மறக்காமப் போட்டிருக்காங்க பாருங்க" என்றார் பொங்கியண்ணன். ஆறுதலாகச் சொல்ல வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு, "பிரிண்டிங் நெம்ப சுத்தமுங்க" என்றார்.

கல்யாணம் ஆகாத பெரியம்மாவுக்கு அந்த அட்டையில் இடமில்லை என்று பங்காளிகள் முடிவு செய்திருக்கலாம். இடமில்லை என்றால் இடமில்லை. அது எனக்குப் புரியும். பால்குடிக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததுதான் புரியவில்லை. பாதிப்பு ஒன்றும் இல்லை, ஒரு தகவலாகக் குறித்து வைக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாடு செய்யவில்லை. பசி இல்லை.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

காலையில் காந்திமதி கொழுக்கட்டை கொடுத்தாள். பத்து மணிக்குப் பொங்கியண்ணன் வந்தார். வேட்டி, திருநீறு, கையில் எருக்கம்பூ மாலை. காருக்காம்.

எந்த மூலையை வெட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. நான் 0.80 என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவர் தனியாக வேறொரு கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"மேல இந்தப் பக்கம் புள்ளையாரு. இன்னைக்கு அவரு நாளு, கத்திரி வெக்கக் கூடாதுங்க. அந்தப் பக்கம் குலதெய்வம். கீழ இந்த மூலையில மாப்ள ஊட்டுப் பெரியவரு பேரு. கண்ணாலத்துக்கு முன்னால வெட்டுனா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நம்மளத்தான் சொல்லுவாங்க." கீழ் வலது மூலையில் விரலை வைத்தார். "இது உங்க பேரு. உங்க பேர நீங்க வெட்டிக்கறதுக்கு யாரு என்ன சொல்லப் போறாங்க?"

இரண்டு வேறு முறைகளில் ஒரே விடை. ஆய்வகத்தில் இதை மாணவர்கள் செய்தால் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குட்டிப் பாப்பாவுக்கு அடுத்த காற்புள்ளியோடு நிறுத்தி, என் பெயரை மட்டும் வெட்டினேன். அரை அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம். 'முனைவர் ம. மங்கையர்க்கரசி.' அடியில் படுத்து, மஞ்சள் மூலை உள்ளே போகும்படி செருகி, சென்சாரை அதன்மேல் அழுத்திப் பிடித்து, போல்ட்டை முடுக்கினேன். வியர்வை கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப உருவுங்க. மெதுவா."

உருவினேன். பாதிதான் வந்தது. கையில் 'முனைவர் ம. மங்கை' இருந்தது. மீதி சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இடுக்கியை எடுக்கச் சொன்னேன்.

"உடுங்க டீச்சர். அது நீங்க உரிச்ச பேப்பரு மாதிரித்தான். ஓடற ஓட்டத்துல தேஞ்சுரும்."

சாவியைத் திருப்பினேன். முதல் முறையிலேயே கிளம்பியது.

காந்திமதி கை தட்டினாள். பொங்கியண்ணன் தட்டவில்லை. எருக்கம்பூ மாலையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, காதைப் பானட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "செட்டிங் நல்லா உழுந்துருச்சு" என்றார். நல்லா என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பவானி வரை போய்த் திரும்பினேன். எஞ்சின் சூடேறியும் நிற்கவில்லை. மஞ்சள் விளக்கும் அணைந்துவிட்டது. நாலு மணிக்குச் சுலோசனாவை அழைத்து, பூ அலங்காரத்தை என் காருக்குச் சொல்லச் சொன்னேன்.

"அக்கா, நெசமாலுமே நீயா சரி பண்ணுன?"

ஆமாம் என்றேன். எதை வைத்துச் சரி செய்தேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் கோபி வந்து சேர்ந்தேன். நாற்பது கிலோமீட்டரில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

மாலை நாலு மணிக்கு ஊர்வலம். முன்னால் செண்டை மேளம், பின்னால் என் கார், அதற்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய கார். அதில் ஒரு வாழைத்தார் மட்டும் ஏசியில் வந்தது. வீட்டிலிருந்து மண்டபம் மூன்று கிலோமீட்டர். மேளக்காரர்களின் நடைவேகத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். சூடானால் நிற்கும் காருக்கு இதைவிடக் கடுமையான சோதனையை நானே வடிவமைத்திருக்க முடியாது. வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பின் இருக்கையில் மௌனிகா. ஒரு பக்கம் ஹரிணிஸ்ரீ, மடியில் குட்டிப் பாப்பா. எனக்குப் பக்கத்தில் தஷ்வந்த். எட்டு வயது. என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"நீங்களும் சின்னப் புள்ளையா?"

"பத்திரிகைப்படி ஆமாம்."

"எத்தனாவது படிக்கறீங்க?"

"படித்து முடித்துவிட்டேன்."

அவன் நம்பவில்லை.

பின்னால் மௌனிகா சிரித்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இருபத்தாறு வயது. நெற்றிச்சுட்டியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"கோவமா பெரியம்மா?"

"முள் பாதியைத் தாண்டுகிறது. அதைத்தான் பார்க்கிறேன்."

"பெரியவங்க லிஸ்ட்ட அப்பாவும் பங்காளிகளும் மூணு நாள் உக்காந்து போட்டாங்க. அதுல ஜோடி ஜோடியாத்தான் எடம். உங்க பேரைச் சொன்னேன். 'தனியாப் போட்டா நல்லாருக்காது கண்ணு'ன்னுட்டாங்க. குழந்தைங்க லிஸ்ட்ட மட்டும் நீயே எழுதிக் குடுன்னு எங்கிட்ட உட்டாங்க. எனக்குன்னு கெடச்சது அந்த ஒரு வரிதான் பெரியம்மா. யாரு எங்கூட வண்டியில வரோணுமோ, அவங்க பேர எழுதிட்டேன்."

மேளம் ஒரு கடை முன்னால் நின்றது. நானும் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன், ஏனென்றால் அணைத்தால் மறுபடி கிளம்பும் என்பதற்கு இதுவரை ஒரே ஒரு நாள் சான்றுதான் இருக்கிறது.

"அப்பா அச்சடிச்சு வந்தப்பறந்தான் பாத்தாரு. ஆடிப்போயிட்டாரு. ஆயிரம் பத்திரிகை. திருப்பி அடிக்க முடியல. அதுக்குத்தான் உங்ககிட்டக் குடுக்கும்போது அப்படி மஞ்சள அப்பியிருக்காரு. பேரு மறையட்டும்னு."

0.80-க்குக் காரணம் தெரிந்துவிட்டது.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள், வேகத்தடை வருகிறது" என்றேன். வேகத்தடை உண்மையிலேயே வந்தது.

முள் முக்கால்வரை ஏறி அங்கேயே நின்றது. கார் நிற்கவில்லை. மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்து எல்லோரும் இறங்கி உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் சீராக இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்தம் ஆறு மணிக்கு. நல்லபடியாக முடிந்தது. பொங்கியண்ணன் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். மௌனிகா போனில் கூப்பிட்டாளாம். மண்டபத்துக்கு வெளியே என் காரைச் சுற்றி நின்ற நாலு டிரைவர்களிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல வைத்துக் காட்டுவது தெரிந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ. போட்டோக்காரர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் விடுபடக் கூடாதென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பங்காளிகள் பன்னிரண்டு ஜோடி ஏறி இறங்கினார்கள். மூன்றாவது ஜோடிக்கும் நாலாவது ஜோடிக்கும் யார் வலது பக்கம் என்று ஒரு சிறு தகராறு. பிறகு, "சுட்டீஸ் எல்லாம் மேடைக்கு வாங்க" என்றார்.

சென்னியப்பன் முன்வரிசையில் இருந்தார். என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

எழுந்து போனேன். பட்டுப்புடவையில் மேடைப் படி ஏறுவது சிரமம்.

"மேடம், இது கொழந்தைங்க போட்டோ" என்றார் போட்டோக்காரர்.

கைப்பையில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். 'முனைவர் ம. மங்கை.' ஓரத்தில் கிரீஸ், கிழிந்த இடத்தில் கொஞ்சம் மஞ்சள். அவர் அதைப் பத்திரிகையின் கடைசி வரியோடு வைத்து ஒத்துப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"மீதிப் பேரு எங்குங்க?"

"எஞ்சினுக்குள் இருக்கிறது."

அவர் தொழிலில் நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல. "சரிங்க மேடம். ஒசரமானவங்க பின்னால நில்லுங்க. அந்தப் பாப்பாவத் தூக்கிக்கோங்க" என்றார்.

தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. மௌனிகா பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுட்டிகளுக்குத் தனியாக ஒரு தாம்பூலப் பை. எனக்கும் கொடுத்தார்கள். பன்னிரண்டு கிரேயான்கள், ஒரு ஊதல்.

செப்டம்பர் 1, திங்கள்

ஸ்க்ரூ கேஜைத் திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டில் 'முடிவு' என்ற இடத்தில் 0.80 என்று எழுதினேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அக்காவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். அங்கேயே பிரித்து, குலதெய்வத்திலிருந்து கடைசி வரிவரை படித்தேன். சுட்டிகள் ஆறு பேர். எல்லோருமே குழந்தைகள் மாதிரித்தான் தெரிகிறது.

பிறகுதான் ஆய்வகத்துக்குப் போய் அளந்தேன். 0.46.